ஐம்பத்தொரு டொலரும் நண்டுக் கறியும்

ஊர்திருத்தி என்றொரு பிராணி உண்டு. அதைப் பார்க்க நீங்கள் மிருகக்காட்சிச் சாலைக்குப் போக வேண்டாம். தமிழர் கூட்டம் எங்கே நடக்கிறதோ அங்கே போங்கள். முதல் வரிசையில், ஓரக் கதிரையில், மைக்குக்கு எழும்பிப் போக ஒருவருடைய முழங்காலும் இடைஞ்சல் செய்யாத இடமாகப் பார்த்து அது உட்கார்ந்திருக்கும். வெயிலும் அதற்கு ஒத்துவரும், பனியும் ஒத்துவரும். சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டொரு நாள் கிடக்கும். திருத்துவதற்கு ஒரு ஆள் இல்லாமல் ஒரு பொழுதும் கிடக்காது. தன் வீட்டுக் குழாய் மாதக்கணக்காக ஒழுகுவதை மனைவி சொல்லித்தான் அது அறியும். ஆனால் அடுத்த வீட்டுப் பெடியன் எந்தப் பெட்டையோடு பஸ்ஸுக்கு நின்றான், அந்தப் பெட்டையின் தகப்பன் ஊரில் எந்தக் குறிச்சி, அவள் போட்டிருந்த சட்டைக்குக் கை இருந்ததா என்பதெல்லாம் ஒருவரும் சொல்லாமலே அதற்குத் தெரிந்துவிடும்.

நல்ல மனுசர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். கெட்டவன் என்றால் ஒரு நாளைக்காவது களைத்துப்போய் விட்டுவிடுவானே!

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில், இந்த இனத்தின் முதல்தரமான உருப்படி ஒன்று பதினான்காம் மாடியில் குடியிருந்தது. பெயர் சச்சிதானந்தன். விடியப்புறம் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போவார், பின்னேரம் திரும்புவார், தேத்தண்ணீரைக் குடிப்பார், கோட்டை மாட்டிக்கொண்டு சமுதாயத்தைத் திருத்த வெளிக்கிடுவார். ஆடி மாத வெக்கையிலும் கோட்டுத்தான். "கோட்டுப் போடாதவன் சொன்னால் ஆர் கேக்கிறது?" என்பார். போட்ட பிறகும் ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. 'தமிழர் ஒழுக்கப் பாதுகாப்பு மற்றும் பண்பாட்டு மேம்பாட்டுக் குழு' என்ற அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான், அதற்குத் தலைவரும் அவர்தான். பதாகை எழுதக் கொடுத்தபோது இவ்வளவு பெயரும் துணிக்குள் அடங்காது என்று எழுதுபவர் சொல்ல, மேம்பாட்டை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அவருடைய பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? "நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை, ஆனால்…" என்று தொடங்குவார். அந்த 'ஆனால்' கலியாண வீட்டு வாசல் மாதிரி. அதைத் தாண்டினால் உள்ளே முழு ஊரும் இருக்கும். பிறகு ஒரு பழமொழி வரும். "பனைக்குக் கீழை நிண்டு பாலைக் குடிச்சாலும் சனம் கள்ளெண்டுதான் சொல்லும். அப்ப ஏன் காணும் பனைக்குக் கீழை போறியள்?" இதைச் சொல்லிவிட்டு, கைதட்டு விழும்வரை தண்ணீர் குடிப்பார். சில நாட்களில் இரண்டு போத்தல் தண்ணீர் குடிக்க நேர்ந்ததும் உண்டு.

முதலில், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்கு லிமோசின் காரில் பிள்ளையைக் கொண்டுவருவதை எதிர்த்தார். லிமோசின்கள் நீளமாகின. அடுத்தது வீடியோக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நடிகைகளின் படங்கள். கடைக்காரர் பயந்துபோய்ப் படங்களைக் கடைக்குள்ளே ஒட்டினார். அவற்றைப் பார்ப்பதற்கென்றே சனம் உள்ளே வர, வியாபாரம் கூடியது. இப்படிச் சில்லறைத் திருத்தங்களில் காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஷேர்போர்ன் வீதியில் பெண்கள் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது.

எப்படித் தெரியவந்தது? நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்கென்று ஒரு தூரக்கண்ணாடி வாங்கியிருந்தார். நயாகராவுக்குப் போகக் காலம் கூடவில்லை. பல்கனியில் நின்று பரிசோதித்துப் பார்த்தார். தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த மனுசனுக்கு ஓய்வே இல்லை. எந்தப் பெண் எந்த மூலையில் நிற்கிறாள், சிவப்புச் சப்பாத்துக்காரி எப்போது வருகிறாள், எந்தக் கார் இரண்டு முறை சுற்றி வந்து மூன்றாம் முறை நிற்கிறது என்று, சமுதாயத்தின் நன்மைக்காகத் தன் கண்ணைத் தேய்த்தார். கீழே நின்றவர்களுக்கும் அவரைத் தெரிந்துபோயிற்று. சிவப்புச் சப்பாத்துக்காரி சில வேளை மேலே பார்த்துக் கையசைப்பாள். அவர் தூணுக்குப் பின்னால் மறைவார்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது," என்பார் உள்ளிருந்து மனைவி யோகமலர். "நயாகரா அந்தப் பக்கமே இருக்கு?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது, யோகம். ஊர் பத்தி எரியுது."

"எரிஞ்சால் புகை தெரியும்தானே. அதுக்கேன் கண்ணாடி?"

சச்சிதானந்தன் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பெரிய காரியம் செய்கிறவர்களுக்கு வீட்டில் மதிப்பிருக்காது என்பது அவருடைய பழைய கவலை.

குழுவைக் கூட்டினார். 'வீதி விபசார ஒழிப்பு இயக்கம்' பிறந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். வீதியில் நின்ற பெண்களைத் திருத்த ஆங்கிலம் வேண்டும். குழுவில் இருந்த எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், ஆனால் கடையில் சாமான் வாங்கவும் மனேச்சரிடம் லீவு கேட்கவும் மட்டும்தான். ஒரு பெண்ணை வாழ்க்கைப் பாதையில் திருப்பிவிடுகிற அளவுக்கு ஒருவரிடமும் இருக்கவில்லை. ஆகவே இயக்கம், தமிழ் விளங்கக்கூடிய ஆளாக ஒருத்தியைத் தேடியது. கிடைத்தாள். அவள் வேரோனிக்கா.

பாசையூர்ப் பிள்ளை. இருபத்தாறு வயது. ஒன்பதாம் மாடியில் இராஜேஸ்வரி என்பவருடைய வீட்டில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தாள். ஷேர்போர்ன் மூலையில் இருந்த டோனட் கடையில் வேலை. அவள் செய்த குற்றம் என்னவென்று கேட்கிறீர்களா? வேலை முடிந்து பிந்தி வந்தாள். ஒரு நாள் சிவப்புக் காரில் வந்து இறங்கினாள், இன்னொரு நாள் வெள்ளைக் காரில் வந்து இறங்கினாள். கூட வேலை செய்கிறவர்கள் மாறிமாறிக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீதியில் நிற்கிற பெண்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்து அவர்களோடு சிரித்துக் கதைத்தாள். இதை நீக்கிலாப்பிள்ளை தன் கண்ணால் கண்டார். நீக்கிலாப்பிள்ளை குழுவின் செயலாளர். அவரும் அங்கே கோப்பி குடிக்கத்தான் போயிருந்தார். கோப்பி விற்கிற கடையில் கோப்பி கொடுக்காமல் வேறு என்னத்தைக் கொடுப்பது என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

லிப்ற்றுக்குள் வைத்து இராஜேஸ்வரியைப் பிடித்தார் சச்சிதானந்தன்.

"தங்கச்சி, நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை, ஆனால் உமக்கும் குமர்ப்பிள்ளை இருக்கு. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வாறவை, இந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கினம் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"அண்ணை, அவள் தங்கமான பிள்ளை. ஞாயிறெண்டால் கோயிலுக்குப் போறவள்."

"கோயிலுக்கு ஆர் போகேல்லை? நான் சொல்லுறது பனைக்குக் கீழை நிக்கிற கதை."

இராஜேஸ்வரிக்கு முகம் விழுந்துவிட்டது. மகளுக்கு உண்மையாகவே ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குழு சொல்கிறபடி செய்வதாகச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் மாடியில் இறங்கி, அழுதுகொண்டு அதை வேரோனிக்காவிடமும் சொன்னார். வேரோனிக்கா அழவில்லை. செப்டெம்பரில் அவளுடைய அம்மா கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. அறை போனால் இன்னொரு அறை தேடலாம். ஆனால் 'அவள் அப்படியானவளாம், அதுதான் வீட்டாலை எழுப்பிவிட்டவையாம்' என்ற பேச்சு, அம்மா விமானத்தால் இறங்குவதற்கு முன்னே வாசலில் வந்து நிற்குமே! அந்தப் பேச்சை எந்த அறைக்குள் வைத்துப் பூட்டுவது?

சச்சிதானந்தனுக்கு வேறொரு கவலை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். இயக்கம் தொடங்கி மூன்று மாதம். ஒரு ஆளாவது திருந்தினால்தானே மைக்கில் சொல்லலாம்? "வீதிக்கு இறங்குவம்," என்று குழுவில் முழங்கினார். இறங்கலாம்தான், ஆனால் இராசரத்தினத்துக்கு முழங்கால் நோவு. அகஸ்ரினை மனைவி விடமாட்டார். நீக்கிலாப்பிள்ளைக்கு அன்றைக்கென்று ஓவர் ரைம் வந்துவிட்டது. "நீங்கள் போங்கோ அண்ணை, நாங்கள் உங்களுக்குப் பின்னாலை நிப்பம்," என்றார்கள். எவ்வளவு பின்னால் என்று அவர்கள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தனியாகவே போவதென்று முடிவு செய்தார். திட்டம் நல்ல திட்டம். எங்கள் சனத்துக்கு ஒரு மனிதரை மாற்றத் தெரிந்த வழி ஒன்றுதானே? வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சாப்பாடு போடுவது. யோகமலரின் நண்டுக் கறியைச் சாப்பிட்டு, ஒரு குடும்பம் எப்படி இருக்கிறதென்று கண்ணால் கண்ட பிறகும் ஒருத்தி அந்த மூலைக்குத் திரும்பிப் போவாளா? புதுவாழ்வு தொடங்குகிறவளுக்கு வெறுங்கையோடு வழி சொல்லக்கூடாதென்று ஒரு கவரில் ஐம்பத்தொரு டொலர் வைத்தார். ஐம்பது என்று முடித்தால் சுபமல்ல. கூட ஒன்று வைத்தால்தான் மேலே மேலே வளரும். அந்த ஒரு டொலர்க் குற்றி கவருக்குள் குலுங்கியது. மூலைகளில் மஞ்சள் தடவினார்.

"யோகம், இண்டைக்கு ஒரு ஆளுக்குக் கூடச் சமையும்."

"ஆர் வருகினம்?"

"ஒரு சகோதரி."

"எந்தச் சகோதரி? உங்களுக்குக் கூடப்பிறந்த நாலும் ஆம்பிளையள்."

"சமையும் எண்டால் சமையுமன்!"

வெயில் இன்னும் சாயாத பின்னேரம். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓட, கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய ஆங்கிலத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு மூலைக்கு வந்தார். தொப்பி போட்ட ஒரு புதுப் பெண் நின்றாள். தூரக்கண்ணாடியில் இதுவரை தட்டுப்படாதவள். புதுசு என்றால் இன்னும் நல்லது, திருத்துவது லேசு. வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற சிவப்புச் சப்பாத்துக்காரி இவரைக் கண்டதும் கண்ணை உருட்டி, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். தன்னைக் கண்டு வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். பாவம், அவளுக்கும் ஒரு நாள் வரும்.

"சிஸ்டர்," என்றார்.

அந்தப் பெண் திரும்பிச் சிரித்தாள். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சிஸ்டர், யூ கம் மை ஹவுஸ்."

"ஷுவர். ஜஸ்ட் யூ அண்ட் மீ?"

"நோ, நோ! மை வைஃப் ஓல்சோ தெயர். ஷீ இஸ் வெயிற்றிங்."

அவளுடைய புருவம் மேலே போனது. பல வருட வேலையில் இப்படி ஒரு அழைப்பு அவளுக்கு வந்திருக்காது. "ஹவ் மச்?" என்றாள்.

சச்சிதானந்தனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. சாப்பிட வா என்று கூப்பிட்டாலும் 'எவ்வளவு' என்று கேட்கும்படி இந்த உலகம் ஒரு பெண்ணைப் பழக்கி வைத்திருக்கிறதே! கண் கலங்கக் கவரை எடுத்து நீட்டினார்.

"ஃபிஃப்டி வன்."

"வை வன்?"

"வன் இஸ் ஃபோர் லக்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். அவ்வளவுதான். நிறுத்தியிருந்த வானுக்குள் இருந்து இரண்டு பெரிய மனிதர்கள் இறங்கி வந்தார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி வீதியில் நின்று அந்த விஷயத்துக்குப் பேரம் பேசுவது குற்றம். அந்தப் பேரத்தைப் பிடிப்பதற்கென்றே பொலிஸ்காரிகள் சாதாரண உடுப்பில் வந்து நிற்பார்கள். வீதியின் சகல விவரமும் அறிந்த சச்சிதானந்தனுக்கு இந்த ஒன்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. அது பதினான்காம் மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற விஷயமல்ல.

ஒருவன் அவருடைய கையைப் பின்னால் கொண்டுபோனான். மற்றவன் கவரைத் திறந்து, மூலையில் இருந்த மஞ்சள் தூளைக் கண்டு கண் பிரகாசித்து, மணந்து பார்த்து, இரண்டு தரம் தும்மினான். சச்சிதானந்தனுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லும் வரவில்லை. "கிராப்! வைஃப்! கிராப்!" என்று மட்டும் வந்தது. நண்டைத்தான் சொன்னார், ஆனால் அது வழக்கை இன்னும் கெடுத்தது. சனம் கூடத் தொடங்கியது. நாளைக்குப் பேப்பர், ஞாயிறு கூட்டம், தொழிற்சாலை, யோகம்… அட கடவுளே, யோகம்!

"எக்ஸ்கியூஸ் மீ!"

டோனட் கடைக்குள் நின்று, திறந்த கதவால் எல்லாவற்றையும் கண்டும் கேட்டும் இருந்த வேரோனிக்கா ஓடிவந்தாள். ஏப்ரனில் சீனிப் பொடி.

அவள் ஆங்கிலத்தில் மளமளவென்று கதைத்தாள். இவர் என்னுடைய அங்கிள், ஊரைத் திருத்துகிறவர், சாப்பிடத்தான் கூப்பிட்டார், எங்கள் சனம் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் இப்படி ஒன்று கூட்டித்தான் கொடுக்கும், அது மஞ்சள், கறிக்குப் போடுகிற மஞ்சள். வேண்டுமென்றால் மேலே ஏறிப் போய்ப் பாருங்கள், மனைவி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்றாள்.

"நண்டெண்டு சொல்லு பிள்ளை! நண்டெண்டு சொல்லு!" என்று கெஞ்சினார் சச்சிதானந்தன்.

பொலிஸ்காரி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். விட்டுவிட்டார்கள். இனிமேல் விருந்துக்குக் கூப்பிடுவதென்றால் தெரிந்தவர்களைக் கூப்பிடச் சொன்னார்கள்.

"அவ உங்களுக்குத் தலையாட்டிக் காட்டினவா, 'உது பொலிஸ், போகாதை' எண்டு," என்று சிவப்புச் சப்பாத்துக்காரியைக் காட்டினாள் வேரோனிக்கா. "நீங்கள் காணேல்லையே?"

சச்சிதானந்தன் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவர் கோட்டில்லாமல் வீதியில் நின்றது அதுதான் முதல் தரம். "பிள்ளை, நீ எனக்குத் தெய்வம் மாதிரி. இதை ஒருத்தருக்கும்…"

"நான் ஏன் சொல்லுறன்? ஆனால் அங்கிள், என்னைப் பற்றி நீங்கள் கதைக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். அம்மா வாறா. ஞாயிற்றுக்கிழமை மைக்கிலை ஒரேயொரு வசனம் சொல்லுங்கோ. 'இந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை.' காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"முருகன்மேலை ஆணை!" என்றார்.

வீட்டுக்குப் போனார். "சகோதரி வரேல்லையோ?" என்று கேட்டார் யோகமலர். வரவில்லை என்றார். "அப்ப நண்டு?" இரண்டு பேருக்கான நண்டையும் அவரே சாப்பிட்டார்.

இனிக் கவனியுங்கள், ஊர்திருத்தியின் மனசு வேலை செய்கிற விதத்தை. வியாழன் இரவு முழுவதும் நன்றி. வேரோனிக்காவை நினைக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை, அவள் கொஞ்சம் முந்தி ஓடிவந்திருந்தால் கையைப் பின்னால் முறுக்கியிருக்க மாட்டார்களே என்று தோன்றியது. சனிக்கிழமை, வேலை நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே இவளுக்கு என்ன பார்வை என்று ஒரு யோசனை வந்தது. பொலிஸோடு இவ்வளவு சரளமாகக் கதைக்க எங்கே பழகினாள்? ஆனாலும் ஆணையிட்டது ஆணையிட்டதுதான். ஒரு வசனம் சொல்வதென்று உறுதியாகவே ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டார்.

கட்டடத்தின் கீழ்மாடி மண்டபம் நிறைந்திருந்தது. ரோல்ஸும் தேத்தண்ணீரும் முடிந்து, தலைவர் அறிக்கை. வேரோனிக்கா பின்வரிசையில் இராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தாள். சச்சிதானந்தன் மைக்கைப் பிடித்தார், செருமினார், பழமொழியைக் கூட விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் பிள்ளை வேரோனிக்காவிலை ஒரு பிழையும் இல்லை."

சொல்லிவிட்டார்! அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் மண்டபத்தில் கைதட்டு விழவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளை எழும்பினார்.

"அண்ணை, அப்ப மூண்டு மாதமா நாங்கள் என்னத்தைக் கதைச்சனாங்கள்?"

நியாயமான கேள்வி. சச்சிதானந்தன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிழை இல்லை என்றால் தான் சொன்னதெல்லாம் பிழை. அது எப்படித் தெரிந்தது என்று அடுத்துக் கேட்பார்கள். அறிக்கையிலோ திருந்தியவர் என்று ஒரு ஆள்கூட இல்லை. இத்தனை முகங்கள், கையில் மைக். அந்த நேரத்தில்தான் அவருடைய வாய் அவரைக் கேட்காமல் தானாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"இப்ப இல்லை எண்டு சொல்லுறன். முந்தி இருந்தது. நான் கதைச்சு, நான் திருத்திப்போட்டன்!"

கைதட்டு இடி மாதிரி விழுந்தது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கே அது உண்மையாகப் பட்டது. ஒரு தகப்பனின் பாசத்தோடு பின்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். இராஜேஸ்வரி தலையில் கையை வைத்தார். வேரோனிக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை. 'முந்தி இருந்தது.' அம்மா வந்ததும் முதல் கேட்கப்போவது அந்த இரண்டு சொற்களைத்தான்.

"பிள்ளை, தலைவர் என்ன சொல்லித் திருத்தினவர் எண்டு ஒருக்கால் மைக்கிலை வந்து சொல்லும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை, உற்சாகம் தாங்காமல். "எங்களுக்கும் உதவும்."

வேரோனிக்கா எழும்பி நடந்து வந்தாள். தலைவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் அங்கிளுக்கு ஒரு வாக்குக் குடுத்தனான். அவரும் எனக்கு ஒண்டு தந்தவர். அவர் தன்ரையை விட்டிட்டார். அப்ப நானும் விடுறன். அங்கிள் என்ன சொல்லித் திருத்துறவர் எண்டுதானே கேக்கிறியள்? 'சிஸ்டர், யூ கம் மை ஹவுஸ்.' அதுதான் சொன்னவர். 'மை வைஃப் ஓல்சோ தெயர்.' பேந்து ஐம்பத்தொரு டொலர் நீட்டினவர். எனக்கில்லை. வியாழக்கிழமை ஷேர்போர்ன் மூலையிலை நிண்ட பொலிஸ்காரிக்கு. நான் கடையிலையிருந்து ஓடிவந்து விளங்கப்படுத்தியிருக்காட்டி, இண்டைக்கு அறிக்கை வேறை ஆரும்தான் வாசிச்சிருப்பினம்."

மண்டபம் முழுக்கத் திரும்பிச் சச்சிதானந்தனைப் பார்த்தது. பிறகு பின்பக்கத்தில் எவனோ ஒருவன் மெல்லச் சொன்னான்: "பனைக்குக் கீழை…"

சிரிப்பு வெடித்தது. சச்சிதானந்தன் மூன்று மாதமாகப் பழக்கிவைத்த சனமல்லவா? ஒரு கண்ணாலே பார்த்து, ஒரு காதாலே கேட்டு, மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் கலையை அவரிடம்தானே கற்றார்கள்! "மனிசியும் இருக்கிறாவாம்!" என்றார் ஒருவர். "கூட ஒண்டும் வைச்சவராம்!" என்றார் இன்னொருவர். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். வாயிலிருந்து "சாப்பாட்டுக்குத்தான்…" என்று வந்தது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தான் பால்தான் குடித்தேன் என்று எழும்பிச் சொல்ல ஒரு ஆள் இல்லாத அந்த நிலை எவ்வளவு பொல்லாதது என்று, வாழ்க்கையில் முதல் தரமாக அவருக்குப் பட்டது. அவமானத்தில் மனுசன் அப்படியே குறுகிப்போனார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை பின்னுக்குப் போனது. யோகமலர் எழும்பி நின்றார். எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத யோகமலர்.

"உந்தச் சிரிப்பை நிப்பாட்டுங்கோ. என்ர மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லை. அண்டைக்கு ஒரு ஆளுக்குக் கூடச் சமைக்கச் சொன்னவர், நான்தான் நண்டுக் கறி வைச்சனான். அவர் குடிச்சது பாலெண்டு எனக்குத் தெரியும். சொல்லுறதுக்கு அவருக்கு நான் இருக்கிறன்." அவர் மூச்சு வாங்கினார். "இந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? தாய் இஞ்சை இல்லை. மூண்டு மாதமா அவளைப் பற்றி இப்பிடித்தானே சிரிச்சனீங்கள்? அதுக்கு ஆர் எழும்பினது? நானும் எழும்பேல்லை." பிறகு கணவனைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ. அவள் கேட்ட வசனத்தைச் சொல்லுங்கோ. வால் ஒண்டும் வைக்காமல் சொல்லுங்கோ."

சச்சிதானந்தன் மைக்கைப் பிடித்தார். செருமவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை.

"இந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். "ஒரு நாளும் இருக்கேல்லை. நான்தான் கதை கட்டினனான்."

அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. அவர் பேசியதிலேயே உண்மையான பேச்சு அதுதான். இராஜேஸ்வரி முன்னால் வந்து வேரோனிக்காவின் கையைப் பிடித்து, "வா பிள்ளை, வீட்டை போவம். அம்மாவுக்குக் கட்டில் ஒண்டு பாக்கோணும்," என்று சனத்துக்கு நடுவால் கூட்டிக்கொண்டு போனார்.

செப்டெம்பரில் அம்மா வந்து இறங்கினார். முதல் நாளே பதினான்காம் மாடியிலிருந்து நண்டுக் கறி போனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் சச்சிதானந்தன், கோட்டோடுதான். தூரக்கண்ணாடி ஒருவழியாக நயாகராவைப் பார்த்தது. யோகமலர் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். நல்லாக் கேட்டீர்கள் போங்கள்! மாரி தொடங்க முதலே, காதில் தோடு குத்துகிற பெடியன்களுக்கு எதிராக ஒரு இயக்கம் தொடங்கிவிட்டார். ஆனால் பனைப் பழமொழியை மட்டும் விட்டுவிட்டார். எப்போதாவது வாய் தவறி அதைத் தொடங்கினால், பின்வரிசையில் எவனாவது "நண்டு!" என்பான். உடனே வேறு பழமொழிக்குத் தாவிவிடுவார்.

நீங்கள் இதைச் சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள், தெரியும். வாசிக்கும்போது தெரிந்த முகம் ஒன்று மனதில் வந்து நின்றது, அதுவும் தெரியும். உங்கள் மச்சானோ, மாடிவீட்டுக்காரரோ, கோயில் சபைத் தலைவரோ. 'இதை அந்தாளுக்கு ஒருக்கால் வாசிக்கக் கொடுக்க வேணும், அப்பவாவது திருந்தட்டும்' என்று நினைத்துப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டீர்கள், இல்லையா? அந்த மடிப்பைக் கொஞ்சம் விரித்துவிடுங்கள். நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை, ஆனால்…